மைனஸும் மைனஸும் எப்போதும் ப்ளஸ் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் முழுக்கள் (பூஜ்யம், ப்ளஸ் எண்கள், மைனஸ் எண்கள்) பாடம் வருகிறது. ஏழாம் வகுப்புக்குப் போனதும் முதல் பருவத்திலேயே அந்த முழுக்களைக் கூட்ட, கழிக்க, பெருக்க, வகுக்கச் சொல்லித் தருகிறோம். அதோடு சரி. பிறகு பத்தாம் வகுப்பு வரைக்கும் இதற்கென்று தனியாக ஒரு பாடவேளை யாரும் ஒதுக்குவதில்லை. ஆனால் இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், இருபடிச் சமன்பாடு என்று எதைத் தொட்டாலும் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழப்பது இந்த மைனஸ் குறியில்தான். கோபி, பவானி, பெருந்துறை வட்டாரத்தில் கணக்குப் பாடம் நடத்தும் நாங்கள் சிலர் சேர்ந்து, விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளையும் அவை எங்கிருந்து வருகின்றன என்பதையும் பெற்றோருக்காகவும் டியூஷன் எடுப்பவர்களுக்காகவும் எழுதுகிறோம். தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அது கடைசியில்.

முதல் குற்றவாளி, எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வரி. "மைனஸும் மைனஸும் ப்ளஸ், ப்ளஸும் மைனஸும் மைனஸ்." நாலாவது படிக்கிற பிள்ளைகூட அண்ணன் சொல்லக் கேட்டு ஒப்பிக்கும். வரி பொய்யில்லை. பெருக்கலிலும் வகுத்தலிலும் அது முழுக்கச் சரி. எந்த இடத்துக்கு அது செல்லும் என்று சொல்லாமல் விட்டதுதான் வினை. −8 − 6 என்று போட்டால் விடை −14. விடைத்தாளில் வருவதோ +14. இரண்டு மைனஸ் கண்ணில் பட்டது, அதனால் ப்ளஸ். எட்டும் ஆறும் பதினாலு. அந்தப் பிள்ளை கவனக்குறைவால் தப்பு செய்யவில்லை. சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறது. அதைச் சிவப்பு மையில் சுழித்து "கவனம் தேவை" என்று எழுதினால் என்ன புரியும்?

குறி இரண்டு வேலை பார்க்கிறது. எண்ணுக்கு முன்னால் ஒட்டி நின்றால், அந்த எண் பூஜ்யத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டுகிறது. இரண்டு எண்களுக்கு இடையில் நின்றால் கழி என்கிறது. −8 − 6 என்பதில் முதல் மைனஸ் எட்டின் பக்கத்தைச் சொல்கிறது, இரண்டாவது மைனஸ் கழிக்கச் சொல்கிறது. இவை ஒன்றோடொன்று சேரவே இல்லை. கூட்டல், கழித்தல் கணக்குகளுக்குப் பிள்ளைக்குச் சொல்லித்தர ஒரு சின்னச் சோதனை போதும்: இரண்டு மைனஸுக்கும் நடுவில் ஏதாவது எண் இருக்கிறதா? −8 − 6ல் நடுவில் 8 இருக்கிறது. அப்படியானால் அந்த வரி இங்கே செல்லாது. 5 − (−2) என்பதில் இரண்டு மைனஸுக்கும் நடுவே அடைப்புக்குறி தவிர வேறொன்றும் இல்லை. இங்கே செல்லும், 5 + 2, விடை 7.

இதைவிட உறுதியான வழி, கழித்தலையே ஒழித்துவிடுவது. எந்தக் கழித்தல் கணக்கையும் கூட்டலாக மாற்றி எழுதலாம். முதல் எண்ணைத் தொடக்கூடாது. நடுவில் உள்ள மைனஸைக் கூட்டல் குறியாக்க வேண்டும். அதற்கு அடுத்த எண்ணின் குறியைத் திருப்ப வேண்டும். −8 − 6 என்பது −8 + (−6). 4 − 9 என்பது 4 + (−9). −2 − (−7) என்பது −2 + 7. மாறுவது இரண்டே இடம். இங்கே வரும் பிழை, முதல் எண்ணின் குறியையும் சேர்த்துத் திருப்பிவிடுவது. −8 − 6ஐ 8 + (−6) என்று எழுதி 2 என்று முடிப்பார்கள். "முதல் எண்ணைத் தொடாதே" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லவைத்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும்.

எல்லாம் கூட்டலாகிவிட்டால் மிச்சம் இரண்டே நிலை. இரண்டும் ஒரே குறியென்றால் கூட்டி அதே குறியைப் போட வேண்டும். வேறு வேறு குறியென்றால் கழித்து, "பெரிய எண்ணின் குறியைப் போடு" என்கிறோம். இந்தக் கடைசிச் சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. போன வாரம்தான் −9ஐவிட 4 பெரியது என்று எண்கோட்டில் காட்டினோம். இந்த வாரம் −9 + 4 போடும்போது 9தான் பெரியது, அதன் குறியைப் போடு என்கிறோம். நன்றாகக் கவனிக்கிற பிள்ளைதான் இங்கே குழம்பும். 4தானே பெரியது என்று +5 எழுதும். அதன்மேல் பிழையே இல்லை. "பூஜ்யத்திலிருந்து எது அதிகத் தூரத்தில் இருக்கிறதோ அதன் குறி" என்று சொன்னால் இரண்டு பாடமும் முட்டிக்கொள்ளாது. −9 ஒன்பது அடி தள்ளி நிற்கிறது, 4 நாலே அடி. ஆகவே விடை −5.

நீளமான கணக்கு வந்தால் இடமிருந்து ஒவ்வொன்றாகப் போய்த் தடுக்கி விழுவதைவிட வகை பிரிப்பது நல்லது. −7 + 12 − 5 − 9 + 4 என்று இருந்தால், கூட்டல் குறி உள்ளவை 12, 4, மொத்தம் 16. கழித்தல் குறி உள்ளவை 7, 5, 9, மொத்தம் 21. 16லிருந்து 21 போனால் −5. ஒவ்வொரு எண்ணையும் அதற்கு இடப்பக்கம் உள்ள குறியோடு சேர்த்து வட்டமிட்ட பிறகே பிரிக்கச் சொல்லுங்கள். வட்டமிடாமல் பிரித்தால் குறி பக்கத்து எண்ணுக்குப் போய்விடும்.

எண்கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு அம்புக்குறி வளைப்பதைவிட, பள்ளி வராண்டாவில் சாக்பீஸால் ஓரடிக்கு ஒரு கோடாக −10 முதல் +10 வரை போட்டால் இருபது அடியில் முடிந்துவிடும். நடக்க இரண்டு விதி. எண்ணின் குறி எந்தப் பக்கம் முகம் திரும்ப வேண்டும் என்று சொல்லும்: ப்ளஸ் என்றால் வலது, மைனஸ் என்றால் இடது. நடுவில் உள்ள செயல், எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும்: கூட்டல் என்றால் முன்னால், கழித்தல் என்றால் திரும்பாமல் பின்னால். 3 − (−2)க்கு 3ல் நின்று, இடப்பக்கம் திரும்பி, இரண்டு அடி பின்னால் வைத்தால் 5ல் நிற்பார்கள். மைனஸ் போய் ப்ளஸ் எப்படி வந்தது என்பது காலுக்கே தெரிந்துவிடும்.

இங்கே இரண்டு பிழை வழக்கமாக வரும். ஒன்று, நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று எண்ணுவது. 3லிருந்து இடப்பக்கம் ஐந்து போகச் சொன்னால் 3, 2, 1, 0, −1 என்று விரல்விட்டு −1ல் நின்றுவிடுவார்கள். −2க்குத்தான் வந்திருக்க வேண்டும். "கண்ணு, அடி வச்ச பொறகு எண்ணு, நிக்கற எடத்த எண்ணாத" என்று சொன்னால் போதும். இன்னொன்று பூஜ்யத்தைத் தாண்டிக் குதிப்பது. 1க்கு அடுத்தது −1 என்று போய்விடுவார்கள். ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும் விடைகளுக்கெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். குறி சரியாக இருந்து எண் மட்டும் ஒன்றால் தவறினால், பிள்ளைக்குக் குறி விதி தெரியும், எண்ணத்தான் தெரியவில்லை என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு.

படுத்த கோட்டைவிட நிற்கிற கோடு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுலபம். காரணம் போர்வெல், அதாவது ஆழ்துளைக் கிணறு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்றால் எத்தனை அடியில் தண்ணி, எத்தனை அடியில் மோட்டார் என்று பேசாத வீடில்லை. தரைமட்டம் பூஜ்யம். தண்ணீர் 420 அடியில் இருந்தால் −420. மோட்டாரை 550 அடியில் இறக்கியிருந்தால் −550. மோட்டாருக்கு மேலே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? −420 − (−550), அதாவது −420 + 550, 130 அடி. கோடையில் மட்டம் இன்னும் 35 அடி இறங்கினால் −420 − 35 = −455. இதில் −385 என்று எழுதுகிற பிள்ளை 420லிருந்து 35ஐக் கழித்து முன்னால் மைனஸை ஒட்டியிருக்கிறது. "அப்ப கோடையில தண்ணி மேல ஏறி வந்துருச்சா?" என்று கேளுங்கள், அதுவே சிரித்துக்கொண்டு அழித்துவிடும். மோட்டாருக்கு மேலே இப்போது −455 − (−550) = 95 அடி. மழை பெய்து 60 அடி ஏறினால் −455 + 60 = −395. வாய்ப்பேச்சில் யாரும் மைனஸ் போட்டு ஆழத்தைச் சொல்வதில்லை. "நானூத்தி இருவதுல தண்ணி" என்பார்கள். அந்த விட்டுப்போன குறியைப் பிள்ளையே போட்டு எழுதுவதுதான் பயிற்சி. −550, −420ஐவிடச் சின்ன எண் என்பதும் இதில் தானாகப் புரியும், கீழே இருப்பது சின்னது.

நாலைந்துக்குள் அடங்கும் கணக்குகளுக்குப் புளியங்கொட்டை இருக்கிறது. தாயம் விளையாட உரசுவதுபோல ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் வெள்ளை தெரியும்வரை உரச வேண்டும். பிள்ளைக்கு இருபது கொட்டை. வெள்ளை மேலே இருந்தால் +1, கறுப்பு மேலே இருந்தால் −1. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூஜ்யம். கூட்டலுக்கு இரண்டு குவியலையும் சேர்த்து, ஜோடி ஜோடியாக நீக்கிவிட்டு மிஞ்சியதைப் பார்த்தால் போதும். கழித்தலில்தான் இதன் அருமை. −2 − 3 என்றால், இரண்டு கறுப்பு வைத்திருக்கிறோம், அதிலிருந்து மூன்று வெள்ளையை எடுக்க வேண்டும். வெள்ளையே இல்லையே! மூன்று பூஜ்ய ஜோடிகளைக் கொண்டுவந்து வைக்கலாம். பூஜ்யத்தைச் சேர்ப்பதால் மதிப்பு மாறாது. இப்போது ஐந்து கறுப்பு, மூன்று வெள்ளை. மூன்று வெள்ளையை எடுத்தால் ஐந்து கறுப்பு, விடை −5. −2 − 3 ஏன் +5 ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 3 − (−2)ஐயும் இப்படியே செய்யலாம். மூன்று வெள்ளை, இரண்டு ஜோடியைச் சேர், இரண்டு கறுப்பை எடு, ஐந்து வெள்ளை.

பிசகும் இடம், ஜோடியைக் கொண்டுவருவதுதான். ஜோடி என்றால் நீக்குவதற்கு என்றே பழகிய பிள்ளைக்கு, இல்லாத ஒன்றை வரவழைப்பது ஏமாற்று வேலை மாதிரி தெரியும். அதனால் முதல் நாள் கழித்தலுக்கே போகாமல், "+2ஐ எத்தனை விதமாக வைக்கலாம்?" என்று கேட்க வேண்டும். இரண்டு வெள்ளை, மூன்று வெள்ளை ஒரு கறுப்பு, நான்கு வெள்ளை இரண்டு கறுப்பு. இதில் கை பழகிய பிறகு கழித்தல் வந்தால் தகராறு இல்லை. கொட்டையைத் தட்டில் போட்டால் உருண்டு பக்கம் மாறிவிடும். துணி விரித்து அதில் வைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்குப் பெயர்போன நம் மாவட்டங்களில் இதெல்லாம் நேர விரயம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பாடவேளை செலவு. ஒன்பதாம் வகுப்பில் அதே பிழையைத் திருத்த ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டால் இது மலிவு.

4 − 9க்கு 5 என்று எழுதுவது வேறு வகைப் பிழை. அது இரண்டாம் வகுப்பில் கிடைத்த பாடம். "4ல் 9 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்று அங்கே சொல்கிறோம். போகாது என்பதைப் பிள்ளை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. போகாத கணக்கைத் திருப்பிப் போட்டு 9லிருந்து 4ஐக் கழிக்கிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான், "போகாது" என்பதற்குப் பதிலாக "இங்கே நாலு பத்தாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொன்னால் பின்னால் எங்களுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்கும் வேலை மிச்சம்.

பெருக்கலுக்கு வருவோம். ஒரு மைனஸ் மட்டும் இருந்தால் சிக்கலில்லை. 3 × (−4) என்பது −4ஐ மூன்று தடவை கூட்டுவது, −12. இரண்டும் மைனஸ் என்றால் ஏன் ப்ளஸ்? கடனைக் காட்டி விளக்க முயல்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் கடன் நன்றாக உதவும். 500 ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தால் கையில் 500 கூடியதற்குச் சமம். ஆனால் கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன? ஒன்றுமில்லை. தனம் (சொத்து), கடன் என்ற பெயர்களிலேயே குறை எண்களுக்கு, அதாவது மைனஸ் எண்களுக்கு, விதி வகுத்த இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர், பொ.ஆ. 628லேயே கடனும் கடனும் பெருக்கினால் தனம் என்று எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு உதாரணம் தேடுகிற பாடு நம்முடையது. 1758ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் மாசரெஸ் என்பவர் இயற்கணிதத்தில் குறை எண்களின் பயன்பாட்டை எதிர்த்தே ஒரு நூல் எழுதினார். பெரிய படிப்பாளிகளே முரண்டு பிடித்த இடம் இது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே நாளில் ஏறவில்லை என்றால் மண்டையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள்: 3 × (−4) = −12, 2 × (−4) = −8, 1 × (−4) = −4, 0 × (−4) = 0. இடப்பக்கம் ஒவ்வொன்றாகக் குறைய, விடை நாலு நாலாகக் கூடுகிறது. அடுத்த வரி (−1) × (−4). கூடுவது நிற்கக் காரணமில்லை, ஆகவே 4. அதற்கடுத்து (−2) × (−4) = 8. விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எட்டாம் வகுப்பில் கொஞ்சம் சூட்டிகையான பிள்ளை கேட்டால் இன்னொரு வழியும் காட்டலாம். 3 + (−3) = 0. இதை −4ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வர வேண்டும். ஒரு பாதி −12. மறுபாதி என்னவாக இருந்தால் மொத்தம் பூஜ்யம் ஆகும்? 12. வேறு எதுவும் பொருந்தாது.

வாழ்க்கையில் காட்ட வேண்டுமென்றால் அணையைக் காட்டலாம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு, வரத்து குறைவான நாட்களில் பவானிசாகர் நாளுக்கு அரை அடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: −0.5. ஆறு நாளைக்கு முன்பு என்பது −6. (−6) × (−0.5) = 3. ஆறு நாளைக்கு முன் மட்டம் மூன்றடி அதிகமாக இருந்தது. இறங்குகிற ஒன்றைப் பின்னோக்கிப் பார்த்தால் உயரம் தெரிகிறது, அவ்வளவுதான்.

வகுத்தலின் குறி விதி பெருக்கலின் விதியேதான். பத்தாம் வகுப்பில் யூக்ளிட் வகுத்தல் வரும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. −17ஐ 5ஆல் வகுத்தால் ஈவு −3, மீதி −2 என்று எழுதுவார்கள். மீதி குறை எண்ணாக இருக்கக் கூடாது. −17 = 5 × (−4) + 3; ஈவு −4, மீதி 3.

அடைப்புக்குறி இன்னொரு பெரிய ஓட்டை. 12 − (5 − 8) என்பதை 12 − 5 − 8 என்று விரித்து −1 என்பார்கள். வெளியே உள்ள மைனஸ் உள்ளே இருக்கும் எல்லா எண்ணுக்கும் பொருந்தும்; 12 − 5 + 8 = 15. சந்தேகம் வந்தால் உள்ளே முதலில் போட்டுப் பார்க்கலாம்: 5 − 8 = −3, 12 − (−3) = 15. இரண்டு வழியிலும் ஒரே விடை வரவில்லை என்றால் விரித்ததில் பிழை.

செயல்களின் வரிசையை பிட்மாஸ் (அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல்) என்று மனப்பாடம் செய்ததால் வரும் பிழையும் உண்டு. 10 − 4 + 3க்கு 3 என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லில் கூட்டல் முன்னால் வருகிறது, கழித்தல் பின்னால் வருகிறது; எனவே முதலில் 4 + 3 = 7, பிறகு 10 − 7. கூட்டலும் கழித்தலும் ஒரே தகுதி உடையவை, இடமிருந்து வலமாகப் போக வேண்டும், விடை 9. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் இதேதான். மேலே சொன்னபடி 10 + (−4) + 3 என்று மாற்றிவிட்டால் எந்த வரிசையில் கூட்டினாலும் 9தான்.

−3² எவ்வளவு? −9. (−3)² எவ்வளவு? 9. முதலாவதில் வர்க்கம் 3க்கு மட்டும்; மைனஸ் வெளியே நிற்கிறது. வீட்டில் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற பெற்றோருக்கு ஒரு தகவல்: எக்செல்லில் =-3^2 என்று போட்டால் 9 என்றே காட்டும், அந்த மென்பொருளின் வழக்கம் அது. பள்ளிக் கணக்கின் வழக்கம் வேறு. அதை வைத்து ஆசிரியரோடு சண்டைக்கு வந்துவிட வேண்டாம். பத்தாம் வகுப்பில் இதன் விலை தெரியும். ஒரு இருபடிச் சமன்பாட்டின் கெழுக்கள் a, b, c முறையே 2, −5, −3 என்றால் தன்மைகாட்டி, அதாவது b² − 4ac, (−5)² − 4 × 2 × (−3), அதாவது 25 + 24 = 49. மூலங்கள் 3, −1/2. அடைப்புக்குறி போடாமல் −5² என்று எழுதியவருக்கு −25 வரும்; கடைசி −3ன் மைனஸை விட்டவருக்கு 25 − 24 = 1 வரும். சூத்திரம் முழுவதும் சரியாக எழுதி, பிரதியிடும் ஒரே வரியில் மதிப்பெண் போகும். பிரதியிடும்போது குறை எண் எதுவானாலும் அடைப்புக்குறியோடுதான் உள்ளே போக வேண்டும் என்பதை ஏழாம் வகுப்பிலேயே கட்டாயமாக்கிவிடலாம்.

குறை எண்ணைக் கழிப்பதற்கு நீட் தேர்வைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிள்ளைகளுக்கு அக்காள் அண்ணன் மூலம் விதி தெரியும். சரியான விடைக்கு 4, தவறுக்கு −1. 120 சரி, 40 தவறு என்றால் 480 + (−40) = 440. ஒரு கேள்விக்கு விடைக்குறிப்பு மாறி, தவறென்று இருந்தது சரியென்று ஆனால் எத்தனை மதிப்பெண் கூடும்? 4 என்றுதான் பல பேர் சொல்வார்கள். 4 − (−1) = 5. போன ஒரு மதிப்பெண்ணும் திரும்பி வருகிறது.

பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிய ஐம்பது கணக்கு வேண்டாம். −6 − 3, −6 + 3, 4 − 9, 5 − (−2), −2 − (−7): இந்த ஐந்து போதும். சரியான விடைகள் −9, −3, −5, 7, 5. முதல் கணக்குக்கு +9 வந்தால் அந்த மனப்பாட வரி வேலை செய்கிறது. −3 வந்தால் மைனஸை ஓரமாக வைத்துவிட்டு 6 − 3 போட்டு, பிறகு ஒட்டியிருக்கிறது. இரண்டாவதுக்கு −9 வந்தாலும் அதே ஒட்டல்தான். 6ஐயும் 3ஐயும் கூட்டி முன்னால் மைனஸ். மூன்றாவதுக்கு 5 என்றால் இரண்டாம் வகுப்புப் பழக்கம். நாலாவதுக்கு 3 என்றால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறியைப் பார்க்கவே இல்லை. ஐந்தாவதுக்கு −9 வந்தாலும் அதே காரணம், −5 வந்தால் கழித்தது சரி, குறியில் தூரம் பார்க்கவில்லை. "ஏனுங்க சார், பையன் மைனஸ்னாலே கோட்டை விட்டர்றானுங்க" என்று வருகிற பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்பது இந்த ஐந்து விடைகளைத்தான். எந்தத் தப்பு என்று தெரிந்தால்தான் எந்தப் பயிற்சி என்று சொல்ல முடியும்.

இனி தங்களுக்கான வேண்டுகோள். தினமும் அணை நிலவரமும் நாமக்கல் முட்டை விலையும் வெளியிடுகிறீர்கள். 105 அடி பவானிசாகரில் நேற்று 96.40, இன்று 95.85 என்று வைத்துக்கொண்டால், மாற்றம் என்பது இன்றையதிலிருந்து நேற்றையதைக் கழிப்பது, −0.55. பிள்ளைகள் எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 0.55 என்பார்கள்; ஏறியதா இறங்கியதா என்பது தொலைந்துவிடும். மட்டத்துக்குப் பக்கத்தில் மாற்றத்தையும் குறியோடு, "95.85 (−0.55)" என்று அச்சிட்டால் வகுப்பறைக்கு அது தினசரிப் பயிற்சித்தாள். ஏறிய நாளில் + குறியையும் விடாமல் போட வேண்டும். முட்டைக்கும் அப்படியே. ஐந்து நாட்களின் மாற்றம் காசில் −5, −10, +15, +20, −5 என்றால் மொத்தம் +15. திங்கட்கிழமைக்கு முந்தைய விலை 520 காசு என்றால் வெள்ளிக்கிழமை 535. ஒரு வாரத்துத் துணுக்குகளை வெட்டி ஒட்டினால் ஒரு வீட்டுப்பாடம் தயார்.

அச்சில் இரண்டு விஷயம் கவனித்தால் உதவியாக இருக்கும். மைனஸுக்குச் சின்ன இணைப்புக்கோட்டைப் போடுவதால், மாணவர் பக்கத்தில் வரும் கணக்குகளில் 3-5 என்பது மூன்றிலிருந்து ஐந்தைக் கழிப்பதா, மூன்று முதல் ஐந்து வரையா என்று தெரிவதில்லை. எல்லையைக் குறிக்க "முதல்" என்றே எழுதிவிடலாம், கழித்தலுக்குக் கூட்டல் குறியின் அகலத்துக்குச் சமமான கோடு போடலாம். பத்தியின் ஓரத்தில் வரி உடையும்போது மைனஸ் மேல்வரியிலும் எண் கீழ்வரியிலும் போய்விடுகிறது. கீழ்வரியைப் பார்க்கிற பிள்ளைக்கு அது மிகை எண். குறியும் எண்ணும் பிரியாதபடி பக்கம் வடிவமைப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். பள்ளிகளில் தட்டச்சு செய்கிற வினாத்தாள்களிலும் இதே கோளாறு இருக்கிறது; அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்.